ஒலித்தட்டு இல்லாத பாடகர்

சென்ற ஆண்டு இசை பயிலும் இளைஞர் ஒருவர் தாம் எழுதிய கட்டுரையொன்றை எனக்கு அனுப்பி, பிழை இருந்தால் திருத்தித் தருமாறு கேட்டிருந்தார். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றிய கட்டுரை அது. நானும் காஞ்சிபுரத்துக்காரன், இசை பற்றி அவ்வப்போது எழுதுகிறவன். அந்த உரிமையில் அனுப்பியிருந்தார். நடை நன்றாக இருந்தது. நடுவில் ஒரு நிகழ்ச்சி வந்தது. இளமையில் பட்டம் விடுவதும் புறா வளர்ப்பதுமாகக் காலத்தைக் கழித்த நாயனாவை ஒரு பெரிய வித்வான் அவையில் வைத்து ஏளனம் செய்தாராம். அவமானம் தாங்காமல் வெளியேறிய இளைஞர் இரவுபகலாகச் சாதகம் செய்து, சில ஆண்டுகள் கழித்து அதே வித்வானே வியக்கும்படி பாடிக் காட்டினாராம். வித்வானின் பெயரும் கொடுக்கப்பட்டிருந்தது. எங்கிருந்து எடுத்தார் என்று கட்டுரையின் அடியில் தேடினேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சபாவின் ஆண்டு மலரில் வெளிவந்த கட்டுரையே சான்று. அதை எழுதியவன் நான்.

அன்று நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மலருக்கு இரண்டு நாளில் கட்டுரை வேண்டும் என்றார்கள். அவமதிப்புக் கதையைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருந்தேன். ஒருவர் சொல்லும்போது ஏளனம் செய்தவர் வித்வான். இன்னொருவர் சொல்லும்போது ஊர்ப் பிரமுகர். வேறொருவர் சொல்லும்போது சொந்த வீட்டுப் பெரியவர். பெயரில்லாத கதை அச்சில் மெலிந்து தெரியும் என்று நினைத்து, காலத்துக்குப் பொருந்திவரும் ஒரு வித்வானின் பெயரை நானே ஊகித்துச் சேர்த்தேன். கூடவே, எழுதவேண்டிய ஒன்றை எழுதாமலும் விட்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன். அந்தப் பெயர் இப்போது என்னிடமே சான்றாகத் திரும்பி வந்து நின்றது. இந்த இளைஞரின் கட்டுரை அச்சேறினால் அடுத்து எழுதுபவருக்கு இரண்டு சான்றுகள் கிடைத்துவிடும்.

எங்கள் ஊருக்குப் பட்டுப்புடவை வாங்க வருகிறவர்கள், கடைக்காரர் என்ன சொன்னாலும் சரிகையை நகத்தால் ஒருமுறை கீறிப் பார்ப்பார்கள். வெள்ளி இழை விலகி உள்ளே சிவப்புப் பட்டுநூல் தெரிந்தால்தான் மனம் சமாதானம் அடையும். இசைக்கலைஞர்களின் வாழ்க்கை வரலாற்றை வாங்கும்போது மட்டும் நம்மில் யாரும் கீறிப் பார்ப்பதில்லை. ஆகவே, நான் முன்பு எழுதியதை நானே கீறிப் பார்த்து, நாயனாப் பிள்ளையின் வாழ்க்கையை மீண்டும் சொல்ல முயல்கிறேன்.

அவருடைய இயற்பெயர் சுப்பிரமணிய பிள்ளை. நாயனா என்பது வீட்டார் அழைத்த செல்லப்பெயர். அதுவே ஊர்ப்பெயரோடு ஒட்டி நிலைத்துவிட்டது. அச்சில் நயினா, நைனா, நாயனா என்று மூன்று விதமாகவும் காணலாம். 1889 ஜூலை 25 அன்று பிறந்து, 1934 மே 2 அன்று மறைந்தார். நாற்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை. அந்தக் குறுகிய வாழ்வில் கர்நாடக இசையின் லயப் பக்கத்தை அவரைப் போல் உலுக்கியவர்கள் மிகச் சிலரே.

தாயார் காமாட்சி அம்மாள். தாயாரின் சகோதரி தனகோடி அம்மாள். இருவரும் இணைந்து கச்சேரி செய்தவர்கள். தனகோடி சகோதரிகள் என்று பெயர் பெற்றவர்கள். மேடைப் பாட்டுக்கு ஆண்களே உரியவர்கள் என்ற எண்ணம் வேரூன்றிக்கொண்டிருந்த காலத்தில் காஞ்சிபுரத்தின் பெயரை இசையுலகில் நிறுத்தியவர்கள் அவர்கள். நாயனாவுக்குச் சங்கீதம் வந்தது அந்த வீட்டிலிருந்து. முக்கியமாகப் பெரியம்மா தனகோடியிடமிருந்து. அவர் பெயரோடு பிறகு ஒட்டிக்கொண்ட கீர்த்தனைப் பெருக்கத்துக்கு மூலதனம் அந்தப் பெண்கள் சேர்த்துவைத்திருந்த பாடாந்தரமே.

நான் எழுதாமல் விட்டது இதைத்தான். அவர்கள் தேவதாசி மரபைச் சேர்ந்தவர்கள். மலர்க் கட்டுரையில் நாயனாப் பிள்ளை இசைப் பாரம்பரியமிக்க குடும்பத்தில் தோன்றினார் என்று ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டேன். மரியாதைக்காக அப்படி எழுதியதாக அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டுரை வந்த சில வாரங்களில், அதே மரபில் வந்த ஒரு மூதாட்டியைச் சந்திக்க நேர்ந்தது. கட்டுரையைப் படித்திருந்தார். கோபப்படவில்லை. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர் எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நான் மரியாதை என்று நினைத்தது அவருக்கு அழிப்பாகத் தெரிந்திருக்கிறது.

நம் இசை வரலாற்று நூல்களில் இது ஒரு தொடர்கதை. ஆண் வித்வானுக்கு அப்பா, தாத்தா, குரு என்று மூன்று தலைமுறை எழுதுவார்கள். தாய்வழியில் இசை வந்த வீடுகளைப் பற்றி எழுதும்போது பேனா தயங்கும். நாயனாப் பிள்ளை வாழ்ந்த காலம் அந்தத் தயக்கம் உருவான காலமும்கூட. அவர் பிறந்த சில ஆண்டுகளில் சென்னையில் தேவதாசி ஆட்டத்துக்கு எதிரான இயக்கம் தொடங்கியது. அவர் புகழின் உச்சியில் இருந்தபோது முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் அதே பிரச்சினையைப் பேசிக்கொண்டிருந்தார். அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1947இல், ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டத்தின் நியாயம் வேறு விஷயம். அதை நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கால மாற்றத்தில் பல வீடுகள் தம் பாட்டிமார்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டன. எழுத வந்தவர்களும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். பி.எம். சுந்தரம் போன்ற ஓர் ஆய்வாளர் மரபு தந்த மாணிக்கங்கள் என்ற நூலுக்காக ஊர் ஊராக அந்தப் பெண்களின் வரலாற்றைத் தேடித் தொகுக்க வேண்டியிருந்ததற்கு இதுவே காரணம்.

இனி நாயனாவின் சங்கீதத்துக்கு வருகிறேன். அவரைப் பற்றிப் பேசுகிற யாரும் விட முடியாத சொல் ஃபுல் பெஞ்ச். உயர் நீதிமன்றத்தில் பல நீதிபதிகள் ஒன்றாக அமர்வதற்கான சொல்லை ரசிகர்கள் அவருடைய கச்சேரி மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், டோலக், போதாக்குறைக்குக் கொன்னக்கோல். பாடுகிறவர் ஒருவர், அவரைச் சூழ்ந்து லயக் கலைஞர்கள் ஒரு படையே. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையின் கஞ்சிராவும் மன்னார்குடி பக்கிரிப் பிள்ளையின் கொன்னக்கோலும் அந்த மேடையின் தூண்கள். இவர்கள் சாமானியர்கள் அல்லர். தட்சிணாமூர்த்தி பிள்ளை நாயனாவைவிட வயதில் மூத்தவர். லயத்தில் அவர் சொன்னதே தீர்ப்பு என்று கருதப்பட்டவர். அப்படிப்பட்டவர்கள் ஒரு பாடகரின் மேடையில் திரும்பத் திரும்ப அமர்ந்தார்கள் என்பதே ஒரு சான்று. கணக்கில் தடுமாறுகிற பாடகருக்கு அந்த இடத்தில் ஒரு மாலைகூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

லயம் தெரியாத வாசகருக்காகச் சிறிது விளக்குகிறேன். ஒரு கீர்த்தனையின் வரி தாளத்தின் முதல் அடியிலேயே தொடங்கவேண்டும் என்பதில்லை. அரை அடி தள்ளியோ முக்கால் அடி தள்ளியோ தொடங்கலாம். அந்த இடத்துக்கு எடுப்பு என்று பெயர். பாடகர் கற்பனையாகச் சுரங்களை அடுக்கிக்கொண்டே போய், எத்தனை சுற்று சுற்றினாலும் கடைசியில் அந்த எடுப்பில் வந்து பிசகாமல் இறங்கவேண்டும். இறங்குவதற்காகக் கட்டப்படும் கணக்குக்குக் கோர்வை என்று பெயர். காஞ்சிபுரத் தறியிலும் அதே சொல் உண்டு. புடவையின் உடலையும் வேறு நிறக் கரையையும் ஊடும் பாவுமாகப் பிணைத்து நெய்வதைக் கோர்வை என்கிறார்கள். ஒருவரால் ஆகாத வேலை. மறுபக்கத்து நாடாவை வாங்கித் தர இன்னொருவர் தறியில் உட்காரவேண்டும். நாயனாவின் மேடையிலும் கோர்வை ஒருவர் வேலையாக இருந்ததில்லை. அவர் எறிந்ததைப் பிடிக்க எதிரே ஆள் இருந்தது. அவர்கள் எறிந்ததைப் பிடிக்க அவரும் இருந்தார். சந்தம் மாறி மாறி ஓடும் அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பாடல்களைக் கடினமான தாளங்களில் எடுத்துப் பாடியதும் இந்தப் பலத்தில்தான்.

இதனால் அவருக்கு ஒரு முத்திரை விழுந்தது. கணக்குப் புலி என்றார்கள். தாளத்துக்காகப் பாவத்தைப் பலிகொடுத்தவர், மேடையைச் சண்டைக்களமாக்கியவர் என்றும் அன்றைய ரசிகர்களில் ஒரு சாரார் குறைப்பட்டார்கள். இந்த மதிப்பீடு இன்றும் பல கட்டுரைகளில் அப்படியே படி எடுக்கப்படுகிறது. நானும் எடுத்திருக்கிறேன்.

இங்கேதான் அவருடைய சிக்கல் தொடங்குகிறது. அவர் குரல் ஒலித்தட்டில் இல்லை. அவர் காலத்தில் ஒலித்தட்டு இல்லாமல் போகவில்லை. அவர் இருபது வயதை எட்டுவதற்குள்ளேயே கோயம்புத்தூர் தாயி போன்றவர்கள் ஏராளமான தட்டுகளில் பாடிவிட்டார்கள். தனிமையை விரும்பிய வீணை தனம்மாள்கூடத் தம் முதிய வயதில் ஒலிப்பதிவுக்கு இசைந்தார். நாயனா பாடவில்லை. செருக்கு என்பார் சிலர், சங்கீதத்தின் மேல் கொண்ட பக்தி என்பார் சிலர், இயந்திரத்தின் மேல் அவநம்பிக்கை என்பார் வேறு சிலர். மூன்றும் அவருடைய குணத்தைவிடச் சொல்கிறவரின் குணத்தையே அதிகம் காட்டுகின்றன. விளைவு ஒன்றுதான்: அவர் எப்படிப் பாடினார் என்பதைக் கேட்டவர்கள் சொல்லித்தான் நாம் அறியவேண்டும்.

இந்த நிலைக்கு ஒப்பான ஒரு வாழ்க்கை கடல் கடந்தும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பட்டி போல்டன் என்றொரு கறுப்பினக் கலைஞர் இருந்தார். கார்னெட் என்னும் ஊதுகருவி வாசித்தவர். ஜாஸ் இசையின் தொடக்கப் புள்ளி என்று பலர் சுட்டுவது அவரைத்தான். 1907இல் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசிப்பிலும் ஒரு நொடிகூட ஒலிப்பதிவாக நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே கதைகள் செழித்தன. முடிதிருத்தும் கடை வைத்திருந்தார், ஊர் வம்புகளை அச்சிடும் பத்திரிகை நடத்தினார், அவர் ஊதினால் பல மைல் தொலைவு கேட்கும் என்றெல்லாம் புத்தகத்துக்குப் புத்தகம் எழுதினார்கள். டொனால்ட் மார்க்விஸ் என்பவர் நகரத்தின் பழைய முகவரிப் பதிவேடுகளையும் அரசாங்கப் பதிவுகளையும் பொறுமையாகப் புரட்டி 1978இல் ஒரு நூல் எழுதினார். முடிதிருத்தும் கடையும் இல்லை, பத்திரிகையும் இல்லை. அந்த நூலைப் படித்தபின் போல்டன் சிறுத்துப் போகவில்லை என்பதே எனக்கு வியப்பு. வம்புப் பத்திரிகைக்காரராக இருந்தவர், தெருவும் வீடும் உள்ள ஒரு மனிதராகிவிட்டார்.

ஜாஸ் உலகில் கலைஞர்களே தம்மைப் பற்றிக் கதை சொன்னதும் உண்டு. லூயி ஆம்ஸ்ட்ராங் தாம் 1900 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர நாளில் பிறந்ததாகச் சொல்லிவந்தார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவிலிருந்து 1901 ஆகஸ்ட் 4 என்று தெரியவந்தது. இது தீங்கற்ற கதை. பில்லி ஹாலிடேயின் பெயரில் 1956இல் வந்த தன்வரலாறு அப்படியல்ல. இன்னொருவர் துணையோடு எழுதப்பட்ட அந்நூல் அவருடைய பெற்றோரின் திருமணத்தைச் சொல்லித் தொடங்குகிறது. அவர்கள் மணந்துகொள்ளவே இல்லை என்று பின்னர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதைப் படித்தபோது நான் சிரிக்கவில்லை. கண்ணியமான ஒரு குடும்பத்தை முதல் பக்கத்திலேயே உருவாக்கிக் காட்டவேண்டிய நெருக்கடி நியூ ஆர்லியன்ஸுக்கும் பால்டிமோருக்கும் மட்டும் உரியதல்ல. என் மலர்க் கட்டுரையின் முதல் பத்தியும் அதே வேலையைத்தான் செய்தது. பில்லி ஹாலிடே தம்மைக் காத்துக்கொள்ளச் செய்தார். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

சரி, ஒலித்தட்டு இல்லாத நாயனாவை எதைக் கொண்டு மதிப்பிடுவது? நான் இப்போது அவருடைய மாணவர்களைக் கொண்டு மதிப்பிடுகிறேன்.

வீணை தனம்மாளின் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிதானம், நுட்பமான கமகம், அளவு மீறாத அழகு இவற்றுக்குப் பெயர்போன வீடு. பெரிய வித்வான்கள் அங்கே வந்து அமைதியாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள். எளிதில் யாரையும் மெச்சாத வீடும்கூட. அந்த வீட்டுப் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் சிறுமிகளாக இருந்தபோது சங்கீதம் கற்கக் காஞ்சிபுரத்துக்கு, நாயனாப் பிள்ளையிடம் அனுப்பப்பட்டார்கள். சில ஆண்டுகள் அவரிடம் பயின்று தியாகராஜரின் கீர்த்தனைகளைப் பெருமளவில் பாடம் செய்தார்கள். கணக்கு மட்டுமே தெரிந்த மனிதராக நாயனா இருந்திருந்தால் தனம்மாளின் வீடு தன் குழந்தைகளை அவரிடம் ஒப்படைத்திருக்குமா? இந்த ஒரு செய்தி, அவரைப் பற்றிய பத்து மேடைக் கதைகளைவிட எனக்குப் பெரிது. ஏனென்றால் இதை யாரும் அவரைப் புகழ்வதற்காகப் புனையவில்லை. பிருந்தாவின் வாழ்க்கைக் குறிப்பில் சாதாரணமாக வந்துபோகும் வரி இது. பிருந்தா 1976இல் சங்கீத கலாநிதி ஆனார். சகோதரிகள் சேர்ந்து பாடிய ஒலிப்பதிவுகள் ஏராளமாக உள்ளன. அவற்றில் பாட்டி வீட்டுச் சங்கீதத்தைப் பிரித்தறியப் பலருக்கும் தெரியும். காஞ்சிபுரத்துப் பாடம் எது என்று தேடிக் கேட்பவர்கள்தாம் குறைவு.

இன்னொரு மாணவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. குருவோடு தங்கி, குருகுலமாகக் கற்றவர். நாயனாவின் லய வழி யாரிடம் முழுதாக வந்தது என்றால் அவரைத்தான் காட்டவேண்டும். 1954இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். அவர் குரல் பதிவாகியிருக்கிறது. ஒரே ஆசிரியரிடமிருந்து சித்தூராரின் ஆண்மை மிக்க லய நடையும் பிருந்தா சகோதரிகளின் இழைப்பும் எப்படி வந்தன என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடம் கொடுத்த ஒரு பெரிய வித்வானைத்தான் நாம் கற்பனை செய்யமுடியும். கணக்குப் புலி என்ற முத்திரை அவரில் பாதியைத்தான் மூடுகிறது.

மூன்றாவது சாட்சி முறைப்படி மாணவியல்லாத ஒருவர். 1919இல் காஞ்சிபுரத்தில் பிறந்த டி.கே. பட்டம்மாள். நாயனாப் பிள்ளை காஞ்சிபுரத்தில் ஆண்டுதோறும் தியாகராஜர் உற்சவம் நடத்திவந்தார். பெரிய வித்வான்கள் வந்து பாடுவார்கள். சிறுவர் சிறுமியருக்குப் பாட்டுப் போட்டியும் உண்டு. பட்டம்மாள் அந்தப் போட்டியில் பாடிப் பரிசு பெற்றவர். நாயனாவின் கச்சேரிகளைத் தந்தையோடு சென்று கேட்டு, வீடு திரும்பியதும் கேட்ட பாட்டை உடன்பிறந்தாரின் துணையோடு எழுதிவைத்து மனப்பாடம் செய்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பெண்கள் பல்லவி பாடுவதில்லை என்றிருந்த மேடையில் ராகம் தானம் பல்லவியைப் பாடி நிலைநாட்டியவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். அந்தத் துணிவுக்கு விதை காஞ்சிபுரத்துத் திண்ணையில் விழுந்தது என்று நம்ப எனக்குத் தடையில்லை.

பட்டம்மாளின் சாட்சியத்தையும் நான் கீறிப் பார்க்கவேண்டும் அல்லவா? அவர் சொன்னது முதிய வயதில். நினைத்தது குழந்தைப் பருவத்தை. ஊர்ப்பற்றும் நன்றியும் கலந்திருக்கும். ஆனால் அவர் சொன்னதற்கு வெளியே ஓர் ஆதாரம் இருக்கிறது: அவருடைய பாட்டே. அத்தனை உறுதியான தாளக் கட்டு, அத்தனை கீர்த்தனைச் செல்வம் ஒரு குழந்தைக்குக் காற்றில் வந்துவிடாது. அவர் ஒரு சாதிக் கட்டுப்பாட்டை மீறி மேடையேறியவர். நாயனா வேறொரு சமூகத்தில் தாய்வழியாகச் சங்கீதம் பெற்றவர். தம் சங்கீதத்தின் ஊற்றாக அவரைக் குறிப்பிடுவதால் பட்டம்மாளுக்கு உலகியல் ஆதாயம் எதுவும் இல்லை. ஆதாயம் இல்லாத இடத்தில் சொல்லப்படும் நன்றியை நான் நம்புகிறேன்.

உ.வே. சாமிநாதையரையும் இங்கே நினைக்கவேண்டும். மகாவைத்தியநாதையர், கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகியோரின் வரலாறுகளை எழுதியவர் அவர். தமக்குச் சங்கீதம் சொல்லித்தந்தவர் பாரதியார் என்பதை மறைக்கவில்லை. தமிழாசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை விரும்பாததால் அந்தப் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டதையும் மறைக்கவில்லை. தமக்குப் பெருமை தராத ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறவர் மற்றவர்களைப் பற்றிச் சொல்லும்போதும் நாம் அவரை நம்பத் துணிகிறோம். அவரிடமும் செவிவழிக் கதைகள் உண்டு. ஆனால் தாம் பார்த்தது எது, கேட்டது எது என்பது பெரும்பாலும் அவர் நடையிலேயே தெரிந்துவிடும். எங்களைப் போன்ற மலர் எழுத்தாளர்கள் அந்த வேறுபாட்டைத்தான் முதலில் தொலைத்தோம்.

இப்படி எழுதுவதால் கதைகளையெல்லாம் குப்பையில் போடச் சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம். அவமதிப்புக் கதையையே எடுத்துக்கொள்வோம். நடந்ததா என்பது ஒருபுறம் இருக்கட்டும். காஞ்சிபுரம் ஏன் அதை இத்தனை ஆண்டுகள் சுமந்தது என்று யோசித்தால் வேறொன்று தெரிகிறது. ஊர்சுற்றியாக இருந்த பையன் ஓர் அவமானத்தால் திடீரென்று வித்வான் ஆனான் என்று சொல்லிவிட்டால், அவனுக்குப் பல ஆண்டுகள் பாடம் சொன்ன இரண்டு பெண்கள் கதையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். வித்வானை உருவாக்கிய பெருமை ஏளனம் செய்த ஆணுக்கும் சாதகம் செய்த ஆணுக்குமாகப் பங்கிடப்படுகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. சொல்வதற்கு வசதியான கதை இதுதான், அவ்வளவே. நான் பெயர் சேர்த்ததும் வாக்கியம் விட்டதும் தனித்தனிப் பிழைகள் என்றுதான் வெகுநாள் எண்ணியிருந்தேன். இரண்டும் ஒரே பிழை என்பது இளைஞரின் கட்டுரையைப் படித்த அன்றுதான் உறைத்தது.

நாயனாப் பிள்ளை மறைந்தது 1934இல். இரண்டு ஆண்டுகள் கழித்து 1936இல் தட்சிணாமூர்த்தி பிள்ளையும், 1938இல் தனம்மாளும் மறைந்தார்கள். ஒலிபெருக்கி மேடைக்கு வந்து பாடும் முறையையே மாற்றத் தொடங்கிய காலம் அது. கச்சேரி குறுகிக் கச்சிதமாயிற்று; பக்கவாத்தியம் இரண்டு மூன்றோடு நின்றது. ஃபுல் பெஞ்ச் கலைந்தது. அதன் கோர்வைகள் சித்தூராரின் குரலிலும், கீர்த்தனைகள் பிருந்தா சகோதரிகளின் குரலிலும், துணிவு பட்டம்மாளின் பல்லவியிலும் பிரிந்து சென்று தங்கின.

இளைஞருக்கு இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். வித்வானின் பெயரை எடுத்துவிடுங்கள், அது நான் சேர்த்தது என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டேன். அவமதிப்புக் கதையை வேண்டுமானால் ஊர்க்கதை என்ற அடையாளத்தோடு வைத்துக்கொள்ளலாம் என்றேன். சபாவுக்கும் தனியே ஒரு கடிதம் போட்டேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு யார் கவனிக்கப்போகிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டார்கள். பிறகு, அடுத்த மலரில் இரண்டு வரி போடலாம் என்று இசைந்தார்கள். அந்த இரண்டு வரிக்குள் காமாட்சி அம்மாள், தனகோடி அம்மாள் என்ற இரண்டு பெயர்களும் வந்தாகவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இளைஞரிடமிருந்து மறுநாளே பதில் வந்தது. கட்டுரையின் தொடக்கத்தை மாற்றி எழுதுகிறாராம். பட்டத்திலும் புறாவிலும் தொடங்கியிருந்தவர், இப்போது இரண்டு சகோதரிகள் கச்சேரிக்குக் கிளம்பும் ஒரு வீட்டில் தொடங்கப்போகிறார். அந்த வீட்டுப் பையனுக்கு அப்போது என்ன வயது என்று மட்டும் கேட்டிருந்தார்.